முன்பதிவு செய்த நாவல் எங்கே நிற்கிறது? காசு கட்டியவர்களுக்கு ஒரு தகவல்

கொட்டகலைக்காரன் | 11 ஜனவரி 2026, இரவு 9.40

வணக்கம். மலையகத் தோட்டத்து ஆட்களைப் பற்றிய என் நாவலுக்கு 2024 ஒக்டோபரில் முன்பதிவுக் காசு கட்டிய 260 பேருக்கும் இது. கடைசியாக இங்கே எழுதியது போன வருஷம் ஏப்ரலில். "புத்தாண்டு முடிந்ததும் அச்சுக்குப் போகும்" என்று எழுதியிருந்தேன். எந்தப் புத்தாண்டு என்று சொல்லவில்லையே என்று இப்போது சிரித்துச் சமாளிக்கலாம். ஒன்பது மாதம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு அப்படிச் சிரிக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

நாவல் எழுதி முடிந்துவிட்டது, அதில் சந்தேகம் வேண்டாம். மாட்டிக்கொண்டது அதற்கு அப்புறம்தான்.

முதல் பாதியைப் பல வருஷத்துக்கு முன்பு பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தேன். இரண்டாம் பாதி போனில், யுனிகோட்டில். இரண்டையும் சேர்க்க முதல் பாதியை மாற்றிப் போட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பக்கம் அமைக்கிறவர்தான் ஒரு நாள் கூப்பிட்டு, "அண்ணே, 'அவர்கள்' என்று தேடினால் முதல் பாதியில் ஒன்றுகூட இல்லையே" என்றார். அது எப்படி? நாவலே அவர்களைப் பற்றியதுதான்! பாமினியில் 'ர்' போடுவதற்குப் பதிலாகத் துணைக்காலைப் போட்டு அதன் தலையில் புள்ளி வைத்திருக்கிறேன். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். மாற்றிய பிறகு 'அவர்கள்' எல்லாம் 'அவா்கள்' ஆகிவிட்டது. சில போன்களில் நடுவில் ஒரு புள்ளி வட்டம் வேறு வரும். மொத்தமாக மாற்றலாம் என்று மாற்றியபோது வேறு சில சொற்கள் உடைந்தன. அப்புறம் கண்ணால்தான் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு மாதம் போனது.

அடுத்தது மெய்ப்பு. சென்னையில் ஒரு நல்ல மெய்ப்புத் திருத்துநர் பார்த்துக் கொடுத்தார். அவரைக் குறை சொல்லவில்லை, கவனமான மனிதர். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கு விழுகிற சம்பளக் கணக்கு. ஆனால் "இன்றைக்குப் பேர் விழவில்லை" என்று நான் எழுதியதை "இன்றைக்குப் பெயர் விழவில்லை" என்று மாற்றிவிட்டார். அரைப்பேர், அரைப்பெயர் ஆனது. தண்ணீர் பிடிக்கிற பீலி, குழாய் ஆனது. இஸ்தோப்பை என்ன செய்வதென்று தெரியாமல் மூன்று கேள்விக்குறி போட்டிருந்தார். எல்லாவற்றையும் திரும்ப மாற்றினேன்.

பக்கம் 240 வரும் என்று சொல்லிக் காசு வாங்கினேன். 288 ஆகிவிட்டது. அதற்குள் நவம்பர் கடைசியில் டித்வா புயல். எங்கள் பக்கம் ரோடு, கரண்ட், போன் எதுவும் இல்லை. அது ஒரு மாதத்துக்கான காரணம். ஒன்பது மாதத்துக்கும் புயல் மேல் பழி போட மாட்டேன்.

புத்தக எண் (978-624 என்று தொடங்குவது) தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் ஜூனிலேயே கிடைத்துவிட்டது. அட்டை தயார். பக்க அமைப்பில் கடைசி இரண்டு பாரம் (16 பக்கம் ஒரு பாரம்) பாக்கி. பெப்ரவரி கடைசியில் அச்சுக்குப் போகும் என்று நினைக்கிறேன். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.

மஸ்கெலியா மழை | 11 ஜனவரி, இரவு 10.15

அண்ணே, ஒரே கேள்வி. 'அவா்கள்' சரி, பீலி சரி. நடுவில் ஒரு வரி எழுத என்ன தடை? "இன்னும் முடியவில்லை" என்று தட்ட பாமினியும் வேண்டாம் யுனிகோட்டும் வேண்டாம். எங்கள் தோட்டத்தில் சீட்டுப் பிடித்த ஒருவர் இப்படித்தான் ஒரு மாதம் கண்ணில் படவில்லை. அடுத்த மாதம் போனும் வேலை செய்யவில்லை. ஆள் கொழும்பில் இருக்கிறார் என்று இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஒன்பது மாதம் என்றால் மனசு அங்கேதான் போகும்.

பண்டாரவளை டீச்சர் | 12 ஜனவரி, காலை 6.05

மஸ்கெலியா தம்பி கொஞ்சம் சூடாகச் சொன்னாலும் நான் அவர் பக்கம்தான்.

என் பெயரில் 14 பிரதி பதிவாகியிருக்கிறது. அதில் என்னுடையது ஒன்று. மீதி 13 எங்கள் பாடசாலையைச் சுற்றியுள்ள இரண்டு டிவிஷன் ஆட்களுடையது. புத்தகம் 1,200 ரூபாய். அவர்கள் காசு கொடுத்தது நாள் சம்பளம் 1,350 என்று முடிவாகி ஒரு மாதம்கூட ஆகாத நேரம். அந்த 1,350உம் கொழுந்து நிறை சரியாக வந்தால்தான். ஆக ஒரு புத்தகம் என்றால் ஒரு முழுப் பேர். நாலாம் நம்பர் தேயிலை மலையில் வேலை செய்கிற ஒரு அக்கா ஐம்பதும் நூறுமாக நாலு தடவையில் கொண்டுவந்து, மிச்சத்தைத் தீபாவளி முற்பணத்தில் கட்டினார். தன் அம்மாவின் கதை மாதிரி ஒன்று இதில் வருகிறது என்று நான் சொல்லித்தான் கட்டினார்.

அவரை வாரத்துக்கு இரண்டு நாளாவது ரோட்டில் பார்ப்பேன். முதல் மூன்று மாதம் "டீச்சர், புஸ்தகம்?" என்று கேட்டார். அப்புறம் கேட்பதில்லை. சிரித்துவிட்டுப் போகிறார். கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு இவ்வளவு கஷ்டமாக இல்லை.

இன்னொன்று. புத்தகத்தைத் தபாலில் அனுப்பப் போகிறீர்களா? தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குத் தனி முகவரி கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர், அவ்வளவுதான். தோட்ட ஆபிசுக்குப் போய் அங்கே கிடந்து யார் கையிலாவது வந்து சேர வேண்டும். நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்த மறுவாரம் வந்த கதை எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒன்று இருக்கும். புத்தகமும் அந்த வழியில் வர வேண்டாம்.

தூரத்து மாமா | 12 ஜனவரி, காலை 8.30

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். எனக்குச் சொந்த ஊர் மலையகம் இல்லை, மனைவியின் ஊர் நாவலப்பிட்டி. தாமதம் எனக்குப் புதிதில்லை. இணையத்தில் முன்கூட்டிக் காசு சேர்க்கிற கிக்ஸ்டார்ட்டரில் பத்துப் பன்னிரண்டு திட்டங்களுக்குக் காசு கட்டியவன் நான். அங்கே சொன்ன திகதிக்கு வருவதுதான் அபூர்வம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஒருவர் செய்த ஆய்வில் சுமார் 9 வீதத் திட்டங்கள் கடைசி வரை பொருளைக் கொடுக்கவே இல்லை என்று வந்தது, அது 2015இல்.

தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2022இல் பிராண்டன் சாண்டர்சன் என்ற அமெரிக்க நாவலாசிரியர் நாலு நாவலுக்கு அங்கே காசு கேட்டார். 4 கோடி டொலருக்கு மேல் சேர்ந்தது. எல்லோரும் அந்தத் தொகையைத்தான் பேசினார்கள். நான் பார்த்தது வேறு. நாலையும் எழுதி முடித்து வைத்துக்கொண்டுதான் மனிதர் வாயைத் திறந்தார்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. லண்டனில் அன்பவுண்ட் என்று ஒரு பதிப்பகம், 2011இல் தொடங்கியது. வாசகர்களிடம் முன்கூட்டிக் காசு சேர்த்துப் புத்தகம் போடுவதே அவர்கள் தொழில். எழுத்தாளர் ஒவ்வொருவரும் தன் ஆதரவாளர்களுக்கு அவ்வப்போது நிலவரம் எழுதுவார். அங்கே வந்த ஒரு நாவல் 2014இல் புக்கர் பரிசின் நீண்ட பட்டியல் வரை போனது. அப்படிப்பட்ட இடம் 2025 மார்ச்சில் நொடித்துப் போனது. உரிமைத் தொகை வராமல் நின்ற எழுத்தாளர்கள் பலர். நடுவில் நிற்கிற நிறுவனம் விழுந்தால் எழுதியவரும் காசு கட்டியவரும் சேர்ந்தே நனைவார்கள். இங்கே நடுவில் யாரும் இல்லை, தம்பியின் வங்கிக் கணக்கு மட்டும்தான். அது நல்லதா கெட்டதா என்று தம்பிதான் காட்ட வேண்டும்.

ஊவா அக்கா | 12 ஜனவரி, பகல் 1.20

நானும் முன்பதிவு வாங்கிப் புத்தகம் போட்டவள்தான், 2023இல். எங்கள் ஆட்கள் மலையகத்துக்கு வந்து 200 வருஷம் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த வருஷம். தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனார்களே, அதற்குள் புத்தகம் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வரவில்லை. நாலு மாதம் கழித்து வந்தது. அதனால் கொட்டகலைத் தம்பியைத் திட்டுகிற தகுதி எனக்கு முழுசாக இல்லை.

ஆனால் நான் ஒரு காரியம் செய்தேன். போயா, அதாவது பௌர்ணமி, தவறாமல் ஒரு கடிதம். போயாவை எதற்குப் பிடித்தேன் என்றால், அன்றைக்கு லீவு, எனக்கும் வேலை இல்லை, வாசிக்கிறவர்களுக்கும் இல்லை. நாட்காட்டியைப் பார்த்தாலே ஞாபகம் வரும். முதல் இரண்டு கடிதம் பெருமையாக எழுதினேன். அட்டைப்படம் இப்படி, அத்தியாயம் அப்படி என்று. மூன்றாவது போயாவுக்கு எழுத ஒன்றுமே இல்லை. அந்த மாதம் என் மாமியாருக்குச் சுகமில்லை, நாவல் பக்கமே போகவில்லை. போன் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் "இந்த மாதம் ஒன்றும் நடக்கவில்லை. காசு அப்படியே இருக்கிறது" என்று மட்டும் அனுப்பினேன்.

அதுவரை ஒரு கடிதத்துக்கு நாலு பதில் வந்தால் அதிகம். அன்றைக்கு முப்பதுக்கு மேல் வந்தது. மாமியாருக்கு எப்படி என்று கேட்டவர்கள் பாதி. "காசு அப்படியே இருக்கிறது என்று சொன்னீர்களே, அது போதும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் அதுவரை ஒரு தடவைகூடக் கேட்காதவர்.

ஆகவே தம்பி, நடந்ததை எழுதிவிட்டீர்கள். காசைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதை மறந்தீர்களா, விட்டீர்களா?

மஸ்கெலியா மழை | 12 ஜனவரி, பகல் 1.45

அதேதான். தோட்டத்துக் கோவில் திருவிழா முடிந்தால் அடுத்த வாரம் கமிட்டி கணக்கு வாசிக்கும். பூவுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, கற்பூரம் இவ்வளவு. அஞ்சு ரூபாய் இடித்தாலும் பின்னால் நிற்கிற கிழவர் கை தூக்குவார். அந்த மாதிரி வாசியுங்கள். நான் பின்னால் நிற்கிறேன்.

அச்சு மை | 12 ஜனவரி, மாலை 5.30

கணக்கு வருவதற்கு முன்னால் அச்சுக்காரன் ஒருவன் சொல்வதையும் கேளுங்கள். கொழும்பில் ஓர் அச்சகத்தில் 19 வருஷம் வேலை. இவருடைய புத்தகம் எங்களிடம் இல்லை.

240 எங்கே, 288 எங்கே என்று சிலருக்கு இருக்கும். எங்கள் மெஷினில் 16 பக்கம் ஒரு பாரம். 240 பக்கம் 15 பாரம், 288 பக்கம் 18 பாரம். ஒரு பாரத்துக்கு இரண்டு அச்சுத் தட்டு. ஆக மூன்று பாரம் கூடினால் ஆறு தட்டு கூடும், கடதாசி கூடும், மடிப்புக் கூலி, தையல் கூலி எல்லாம் கூடும். எழுதுகிறவர்கள் பக்கத்தைத்தான் எண்ணுவார்கள், நாங்கள் பாரத்தை. 289ஆம் பக்கத்தில் நாவல் முடிந்தால் அந்த ஒரு பக்கத்துக்காக அரைப் பாரமாவது அடிக்க வேண்டும்.

கடதாசி விலை இன்று கேட்டால் இன்றைய விலை. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சையையே தள்ளிப் போட்டார்கள், ஞாபகம் இருக்கும். டொலர் 200இல் இருந்து 360க்கு இரண்டு மூன்று மாதத்தில் ஏறியது. அன்றைக்கு விலை சொல்லிக் காசு வாங்கியிருந்த பதிப்பாளர்கள் பாடு நாய்படாத பாடு. அதிலிருந்து எங்கள் முதலாளி ஒரு வாரத்துக்கு மேல் செல்லுகிற விலைப்பட்டியல் கொடுப்பதில்லை. முன்பணம் கட்டிக் கடதாசியை வாங்கி வைக்கச் சொல்வதுதான் புத்தி.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். பசை மட்டும் போட்டு ஒட்டாதீர்கள். நூல் தையல் போடுங்கள். மலைநாட்டு ஈரத்தில் பசைக்கட்டு இரண்டு மழைக்குத் தாங்காது, பக்கம் கையோடு வரும். பூஞ்சணம் பிடிப்பதை யாராலும் தடுக்க முடியாது, பக்கம் உதிர்வதையாவது தடுக்கலாம்.

கொட்டகலைக்காரன் | 12 ஜனவரி, இரவு 11.10

ஊவா அக்கா கேட்டதற்குப் பதில்: மறக்கவில்லை. விட்டேன்.

வாசிக்கிறேன். வரவு: முன்பதிவு 260 பிரதி, 1,200 வீதம், 312,000 ரூபாய். வெளிநாட்டில் இருந்து சிலர் விலைக்கு மேல் போட்டது 68,000. மொத்தம் 380,000. இலங்கையில் இருந்து கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்க வழியில்லை என்பதால் எல்லாம் நேராக என் வங்கிக் கணக்குக்கே வந்தது. என் சம்பளம் வருகிற அதே கணக்கு. அதுதான் நான் செய்த முதல் பிழை, இப்போது தெரிகிறது.

செலவு: பக்க அமைப்புக்கு 35,000. மெய்ப்புக்கு 30,000. அட்டைக்கு 20,000. அச்சகத்துக்கு முன்பணம் 120,000, அது கடதாசிக்கு. மொத்தம் 205,000.

மிச்சம் இருக்க வேண்டியது 175,000. இருப்பது 150,000.

அந்த 25,000ஐ டிசம்பர் முதல் வாரத்தில் நான் எடுத்தேன். புயலில் எங்கள் வீட்டுப் பின்பக்கத் தகரம் நாலு போய்விட்டது. பின்னால் மண் வேறு இறங்கியிருந்தது. அம்மாவையும் பிள்ளைகளையும் மூன்று நாள் பாடசாலையில் தங்க வைத்திருந்தோம். தகரமும் மரமும் வாங்க அந்த நேரம் கையில் வேறு காசு இல்லை. சம்பளம் வந்ததும் வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். சம்பளம் வந்தது, வேறு செலவும் வந்தது. நவம்பர் வரை எழுதாமல் இருந்தது சோம்பல். டிசம்பரில் இருந்து எழுதாமல் இருந்தது இதனால்.

அச்சகத்துக்கு மொத்தம் 280,000, நூல் தையலோடு, 500 பிரதி. இன்னும் 160,000 கொடுக்க வேண்டும். 25,000ஐத் திரும்ப வைத்தால் அதைக் கொடுத்துவிட்டு அனுப்புகிற செலவுக்கு 15,000 மிஞ்சும். பெப்ரவரி முடிவதற்குள் வைத்துவிடுகிறேன்.

மஸ்கெலியா மழை | 12 ஜனவரி, இரவு 11.25

கை தூக்குகிறேன்.

வீட்டுக் கூரை போனால் யாரும் எடுப்பார்கள். நானும் எடுத்திருப்பேன். ஆனால் டிசம்பர் முதல் வாரம் இங்கே ஒரு வரி போட்டிருந்தால் 25,000 என்ன, இங்கே இருப்பவர்களே தகரம் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். கேட்காமல் எடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. எழுதியது பிடித்தது. இரண்டும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நானுஓயா பனி | 13 ஜனவரி, காலை 7.00

எனக்குக் காசு திரும்ப வேண்டும். கோபத்தில் சொல்லவில்லை. வேலை போய்விட்டது, 1,200 இப்போது எனக்குப் பெரிய காசு. புத்தகம் வந்ததும் யாரிடமாவது வாங்கி வாசித்துக்கொள்கிறேன்.

கொட்டகலைக்காரன் | 13 ஜனவரி, காலை 7.20

வங்கி இலக்கத்தைத் தனியாக அனுப்புங்கள் தம்பி. இன்றைக்கே போடுகிறேன். வேறு யாருக்கு வேண்டுமானாலும் அச்சுக்குப் போகும் நாள் வரை கேட்கலாம்.

தூரத்து மாமா | 13 ஜனவரி, காலை 8.10

நானுஓயாத் தம்பியின் பிரதியை என் கணக்கில் எழுதுங்கள். அவருக்குக் காசும் போகட்டும், புத்தகமும் போகட்டும். எனக்கு ரொறன்ரோவுக்கு அனுப்ப வேண்டாம், புத்தக விலையைவிட விமானத் தபால் செலவு கூட வரும். சித்திரையில் ஊருக்கு வருகிற சொந்தக்காரர் பெட்டியில் நாலு புத்தகத்துக்கு இடம் இருக்கும்.

கோத்தகிரி பேத்தி | 13 ஜனவரி, பகல் 12.40

நான் நீலகிரியில் இருந்து வாசிக்கிறேன். எங்கள் அம்மாயி இலங்கை-இந்திய 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு எழுதப்பட்ட ஐந்தேகால் லட்சத்தில் ஒருவர். அவர் தங்கை அங்கேயே நின்றுவிட்டார். இங்கே தாயகம் திரும்பியவர்களுக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில்தான் அம்மாயியும் அம்மாவும் வேலை செய்தார்கள்.

மெய்ப்பு விஷயத்தில் எனக்கு ஒன்று சொல்ல இருக்கிறது. நான் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் இன்றும் வாசல் திண்ணைக்கு இஸ்தோப்பு, உள்ளறைக்குக் காம்பரா. வகுப்பில் நான் இஸ்தோப்பு என்று சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். அது ஏதோ எங்கள் வீட்டுக் கொச்சை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அச்சில் பார்க்க வேண்டும். குழாய் என்று மாற்றிய இடங்கள் எல்லாம் திரும்பப் பீலி ஆகிவிட்டதா என்று இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஊவா அக்கா | 13 ஜனவரி, பகல் 2.15

பின்னால் ஒரு சொற்பட்டியல் போடுவீர்களா? என் புத்தகத்தில் போட்டேன். பட்டியலில் மட்டக்கம்புக்கு ஐந்து வரி எழுதினேன்: கொழுந்து எடுக்கும்போது தேயிலைச் செடியின் மேல் வைத்து மட்டம் பார்க்கிற கம்பு, இப்படி அப்படி என்று. அச்சில் பார்த்தபோது நூதனசாலைப் பொருள் மாதிரி இருந்தது. அடுத்த பதிப்பில் எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

பண்டாரவளை டீச்சர் | 13 ஜனவரி, மாலை 4.50

எடுக்க வேண்டாம் அக்கா. என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மட்டக்கம்பு தெரியாது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களம் எதற்கு என்று போன தவணை கேட்டேன், "கிரிக்கெட் விளையாட" என்று ஒரு பையன் சொன்னான். பட்டியல் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்.

கொட்டகலைக்காரன் | 13 ஜனவரி, இரவு 8.30

பட்டியல் இல்லை டீச்சர். போட்டால் இரண்டு பக்கம் வேண்டும், 288இல் சரியாக முடிகிறது. ஏற்கெனவே மூன்று பக்கம் வெட்டித்தான் 18 பாரத்துக்குள் அடக்கினேன். அரைப் பாரம் அடிக்கலாம் என்று அச்சகத்தில் சொன்னார்கள். அரைப்பேர் வாங்கிப் பழகிய ஆட்களின் கதைக்கு அரைப் பாரம் பொருத்தம்தான், ஆனால் காசு இல்லை. வெட்டியது தலைமன்னார்க் கோச்சியில் (ரயிலில்) அவர்கள் சாப்பிடுகிற ரொட்டியைப் பற்றிய மூன்று பக்கம். எனக்குப் பிடித்த இடம். பெப்ரவரி நவம் போயாவுக்கு அதை இங்கே போடுகிறேன். அதோடு சொற்களையும் சேர்த்து ஒரு தாள் போட்டோகொப்பி எடுத்துப் பிரதிக்குள் செருகலாம்.

பழைய பேப்பர் | 14 ஜனவரி, காலை 9.00

முன்பதிவு, திரள்நிதி என்று புதுப் பெயர் வைத்துப் பேசுகிறோம். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைக் கொண்டுவந்ததே முன்கூட்டிக் கையொப்பம் வாங்கித்தான். கையொப்பம் போட்டவர் எல்லோரும் காசு கொடுத்துவிடவில்லை. நம் பக்கம் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர் துணி வியாபாரி வேஷத்தில் தோட்டத்துக்குள் நுழைந்தார். அவர் மனைவி மீனாட்சியம்மை தானே பாட்டு எழுதிப் பாடி, சின்னச் சின்னப் புத்தகமாகத் தோட்டத்து ஆட்கள் கையில் சேர்த்தார். அவர்களுக்கும் தபால் முகவரி இருக்கவில்லை, நேரே கைக்குக் கை. டீச்சர் சொல்கிற வழி பழைய வழிதான்.

வந்து ஒரு வருஷம் கழித்து ஒரு பிரதியை, தமிழ்ப் புத்தகங்களை மின்பிரதியாகச் சேர்த்து வைக்கிற நூலகம் இணையத்தளத்துக்கும் கொடுங்கள். பூஞ்சணம் அதைப் பிடிக்காது.

பண்டாரவளை டீச்சர் | 14 ஜனவரி, இரவு 7.15

பொங்கல் வேலைக்கு நடுவில் சுருக்கமாக. தபாலை விடுங்கள். ஆட்கள் எந்தெந்தப் பக்கம் என்று பார்த்து அந்த டவுனில் ஒரு கடையோ பாடசாலையோ பிடிப்போம். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பண்டாரவளை, பதுளை. கொழும்பில் இருந்து பண்டாரவளைக்கு வருகிற இரவு பஸ் கண்டக்டர் ஒருவர் என் பழைய மாணவன், இரண்டு பெட்டி அவன் கொண்டுவருவான். கோச்சிப் பாதை டித்வாவில் அடிபட்டது, அதை நம்பி நாள் குறிக்க வேண்டாம். என் 14ஐ நான் கையில் கொடுப்பேன். நாலாம் நம்பர் மலை அக்காவிடம் நேற்று இந்தத் தகவலைச் சொன்னேன், 25,000 உட்பட. "தகரம் போட்டாச்சாமா?" என்று மட்டும் கேட்டார்.

மஸ்கெலியா மழை | 14 ஜனவரி, இரவு 7.40

மஸ்கெலியாவுக்கு எங்கள் மாமா கடை இருக்கிறது. பெட்டியை அங்கே இறக்கலாம்.

கொட்டகலைக்காரன் | 18 ஜனவரி, இரவு 10.05

தகரம் போட்டாச்சு.

இன்றைக்கு 10,000 திரும்ப வைத்தேன். புத்தகக் காசுக்கு மட்டும் என்று தனிக் கணக்கு திறந்து மொத்தத்தையும் அதற்கு மாற்றிவிட்டேன், வங்கிச் சீட்டின் படம் கீழே. கடைசி இரண்டு பாரமும் வந்துவிட்டன. அச்சுக்கு முன்னால் யாராவது ஐந்து பேர் முழு ஃபைலையும் 'அவா்கள்' இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கொடுக்க முடியுமா? என் கண்ணுக்கு இனி அது தெரியாது.

மஸ்கெலியா மழை | 18 ஜனவரி, இரவு 10.20

எனக்கு அனுப்புங்கள்.

மஸ்கெலியா மழை | 18 ஜனவரி, இரவு 11.50

வந்தது. ஒன்பதாம் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. மேலிருந்து ஆறாவது வரி.